கன்னத்தில் பூசும் சாயத்துக்கும் சட்டம் உண்டு

பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும் மூலை ஒன்று உண்டு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டீப்பாய், அதன்மேல் வில்லை வில்லையாகச் சாயம், நாலைந்து பிரஷ், ஒரு ஸ்பான்ஜ், ஒரு டம்ளர் தண்ணீர். ஒருத்திக்குப் பட்டாம்பூச்சி, அடுத்தவனுக்கு ஸ்பைடர்மேன், அதற்கடுத்தவனுக்குப் புலி. வரைகிற பெண்ணின் கைவேகத்தைப் பெரியவர்களும் வாய்பிளந்து பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்த டம்ளரை. நாலைந்து முகம் முடிவதற்குள் தண்ணீர் சேற்று நிறத்துக்கு வந்துவிடும். பத்தாவது குழந்தையின் இமைக்கு மேல் போகிற பிரஷ், முந்தைய ஒன்பது பேரின் வியர்வையும் மூக்குச்சளியும் கலந்த அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்துதான் போகிறது.

கேக்கில் முட்டை உண்டா என்று கேட்கிறோம். பிரியாணி எந்தக் கடையில் சொன்னது என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் முகத்தில் மூன்று மணி நேரம் ஒட்டிக்கிடக்கப் போகும் சாயத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது விளையாட்டு என்று நினைத்துவிட்டோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ஆம் ஆண்டிலேயே வந்தது. அதில் அழகுசாதனப் பொருளுக்குத் தரப்பட்டிருக்கும் வரையறை விரிவானது. மனித உடம்பின் எந்தப் பகுதியிலாவது தேய்க்கவோ, ஊற்றவோ, தூவவோ, தெளிக்கவோ செய்வதும், சுத்தம் செய்யவோ அழகுபடுத்தவோ தோற்றத்தை மாற்றவோ பயன்படுவதுமான பொருள் எல்லாம் அதற்குள் வரும். ஒரு குழந்தையைப் புலியாக மாற்றுவதைவிட வேறென்ன தோற்ற மாற்றம் வேண்டும்? ஆக, முகத்தில் தீட்டுவதற்கென்று விற்கப்படும் சாயம், லிப்ஸ்டிக்கும் பவுடரும் இருக்கும் அதே வரிசையில்தான் சட்டத்தின் கண்ணுக்கு இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகள் அதற்கும் பொருந்தும். இந்தியாவில் தயாரித்தால் தயாரிப்பு உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதிப் பதிவு வேண்டும். நிறமேற்றுவதற்காக ஈயக் கலவையோ ஆர்சனிக் கலவையோ சேர்க்கவே கூடாது. அனுமதிக்கப்பட்ட நிறமிகளில் தூசாக ஒட்டிவரும் ஈயத்துக்குக்கூட பத்து லட்சத்தில் 20 பங்கு, ஆர்சனிக்குக்கு 2 பங்கு என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும். விற்கும் கடைக்கு? மருந்துக்கடை வைக்க உரிமம் வேண்டும். அழகுசாதனப் பொருள் விற்கும் ஃபேன்ஸி ஸ்டோருக்கு அப்படி மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் விற்பனை உரிமம் தேவையில்லை. முகத்தில் வரைகிறவருக்கோ தகுதிச் சான்று, பதிவு என்று எதையும் நம் நாட்டில் கேட்பதில்லை. நல்ல கைப்பழக்கமும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும் போதும். தொழிற்சாலை வாசலில் கறாராக நிற்கும் சட்டம் பிறந்தநாள் வீட்டு மூலைக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறது. அங்கே சோதனை செய்ய வாய்ப்புள்ள ஒரே ஆள் பிள்ளையைக் கூட்டி வந்த நீங்கள்தான்.

டப்பாவைக் காட்டுங்கள்

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்கம்மா." சாய வில்லை வந்த அசல் டப்பாவில் பொருளின் பெயர், தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, சேர்மானங்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவையும் சேர்ந்திருக்கும். இவை இல்லாத டப்பா, சீன மொழியில் மட்டும் அச்சடித்த டப்பா, பெயரே இல்லாமல் சின்னச் சின்ன மூடி டப்பாக்களில் பிரித்து நிரப்பிய சாயம், இவற்றுக்கெல்லாம் பதில் ஒன்றுதான். "வேண்டாம்மா, கையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விடுங்க." சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லிப் பழக வேண்டும்.

இதில் நன்றாகப் படித்தவர்களையே ஏமாற்றும் சொல் ஒன்று இருக்கிறது: நான்-டாக்ஸிக். ஓவிய வகுப்புக்கு வாங்கும் அக்ரிலிக் சாயத்தில் இந்த வார்த்தை பளிச்சென்று இருக்கும். அது காகிதத்திலும் துணியிலும் சொன்னபடி பயன்படுத்தினால் நஞ்சில்லை என்பதற்கான உறுதி; தோலில் பூசலாம் என்பதற்கான அனுமதி இல்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் ஏடாகிவிடும். முகத்தின் பூனை முடியோடு சேர்ந்து இறுகும். பிய்த்தால் தோலோடு வரும். கெட்டுப்போகாமல் இருக்க அதில் சேர்க்கும் பதப்பொருட்களில் சில, ஒவ்வாமை கிளப்புவதில் பெயர்போனவை. போஸ்டர் கலர், துணி பெயிண்ட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பார்ட்டிக்கு வருகிற ஆர்ட்டிஸ்டுகளில் பலர் முறையான தண்ணீர்ச் சாயம்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளையும் கறுப்பும்தான் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும். தீர்ந்த இடத்தில் வந்து உட்கார்வது எது என்று பாருங்கள்.

வெளி ஆட்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மாறுவேடப் போட்டி என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால் வீட்டிலேயே நாம் செய்யும் காரியங்கள் இதைவிட மோசம். பாரதியார் மீசைக்கு மார்க்கர் பேனா. கிருஷ்ணர் நீலத்துக்குத் தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு நீலம். கட்டபொம்மன் புருவத்துக்கு எங்கோ கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பேர் தெரியாத மை. மார்க்கர் மையின் கரைப்பான்கள் காகிதத்துக்காகச் செய்தவை. துணி வெளுக்கும் நீலம் துணிக்காகச் செய்தது. மையில் கூடுதல் கவனம் வேண்டும். சுர்மா என்ற பெயரில் விற்கும் கண் மைகளின் மூலப்பொருள் பல சமயம் ஈய சல்ஃபைட் கனிமம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த சிலவற்றில் பாதிக்கு மேல் ஈயமே இருந்திருக்கிறது. குழந்தை கண்ணைத் தேய்த்து அதே விரலைச் சூப்பும்போது அது வயிற்றுக்குப் போகிறது. பாரதி மீசைக்கு உரிம எண் உள்ள ஒரு ஐப்ரோ பென்சில் போதும். அது கலைந்தாலும் பரிசு போய்விடாது.

பயத்துக்கும் ஓர் அளவு

ஈயம் என்றதும் பதறுகிறவர்களுக்காக ஒரு விவரம். 2009-இல் அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு குழந்தைகளுக்கான முகச் சாயங்கள் பத்தை ஆய்வகத்துக்கு அனுப்பியது. பத்திலும் ஈயம் இருந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான சங்கதி இது. அளவைப் பார்த்தால், மிக அதிகமாக இருந்ததிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பூசி, பூசியதைக் கழுவிவிடும் சாயத்தில் இந்த அளவைக் கண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே ஆய்வில் ஆறு சாயங்களில் நிக்கல், கோபால்ட், குரோமியம் போன்ற உலோகங்கள் தென்பட்டன. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான், ஏனென்றால் இவை தோலில் ஒவ்வாமையை விதைப்பவை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவளுக்கு நிக்கல் ஆகாமல் இருக்கலாம். அதை ஆர்ட்டிஸ்டிடம் சொல்லுங்கள்.

பெயர் இல்லாத சாயத்தின் கதை வேறு. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. 2012 ஹோலியின்போது மும்பையில், பெரும்பாலும் தாராவிப் பகுதியிலிருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தலைசுற்றலும் வாந்தியுமாக மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டார்கள். ஆலைச் சாயம் என்றுதான் சந்தேகம் போனது. நம் ஊரில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். அதில் கண்டுபிடிக்கப்பட்ட ரோடமின் பி, துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் இளஞ்சிவப்புச் சாயம். கையில் வைத்துத் தின்கிற மிட்டாய்க்கு மாதிரி எடுக்க அதிகாரிகள் வந்தார்கள். உதட்டைச் சுற்றிப் பூசி, ஐஸ்கிரீமோடு சேர்ந்து உள்ளே போகும் இளஞ்சிவப்புக்கு அப்படி யாரும் வந்ததாக நான் பார்க்கவில்லை. இருட்டில் மின்னும் நியான் நிறங்களை உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் அடியோடு தவிர்ப்பது நல்லது. அப்படி மின்ன வைக்கும் நிறமிகளில் கண்ணருகே பூச அனுமதி பெற்றவை அரிது.

இனி கிருமி. மேலே சொன்ன டம்ளருக்கு இங்கேதான் வேலை. 2009 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரே நிகழ்ச்சியில் முகச் சாயம் பூசிக்கொண்ட குழந்தைகளுக்குத் தடிப்பு, அரிப்பு, எரிச்சல், வீக்கம் என்று புகார்கள் வந்து, அந்தச் சாயங்களே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சோதித்ததில் சாயத்துக்குள்ளேயே நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன. பெட்டியிலிருந்து வரும்போதே அந்த நிலை என்றால், நனைந்த வில்லையை மூடி போட்டு, சென்னை வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்து வீடு வீடாக எடுத்துப்போனால் என்ன ஆகும்?

ஸ்பான்ஜ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பான்ஜ். தொழில் தெரிந்தவர்கள் வட்ட ஸ்பான்ஜைப் பாதியாக வெட்டி, ஒரு பையில் முப்பது நாற்பது துண்டு கொண்டு வருவார்கள். தொட்டு முடித்ததை இன்னொரு வலைப்பையில் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போய் வெந்நீரில் அலசிக் காயவைத்தால் மறு நிகழ்ச்சிக்கு ஆகும். பிரஷ் அலச ஒன்று, இரண்டாம் முறை அலச ஒன்று என்று இரண்டு டம்ளர். அந்த இரண்டாவது டம்ளர் மேசையில் இருக்கிறதா என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். மூக்கைச் சுற்றித் தேன் நிறப் பொருக்கு கட்டும் சீழ்ப்புண், உதட்டோர அக்கி, முத்து முத்தாக வரும் வைரஸ் மரு ஆகியவை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவ ஈர ஸ்பான்ஜைவிட வசதியான வாகனம் கிடையாது. மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். கண் சிவந்த பிள்ளையையும், அம்மை இறங்கி ஓரிரு வாரமே ஆன பிள்ளையையும் வரிசையில் நிறுத்துகிற பெற்றோர்தான் இங்கே குற்றவாளி. ஆர்ட்டிஸ்ட் அந்தப் பிள்ளையை "அப்புறம் பார்க்கலாம் கண்ணா" என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிளிட்டர் தனிப் பிரச்சினை. கைவினைக் கடையில் விற்பது கூர் முனைகளோடு வெட்டிய பிளாஸ்டிக், உலோகத் துகள். தோலுக்கென்று செய்யும் கிளிட்டர் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத மென்துகள். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே மினுக்குதான். கைவினைத் துகள் கண்ணுக்குள் விழுந்து, பிள்ளை தேய்த்துவிட்டால் கருவிழியில் கீறல் விழும். பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து விரலில் தொட்டு இமையில் தடவ வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

பக்கத்து மேசையில் கறுப்பு மெஹந்தி

முகச் சாயத்துக்கு அருகிலேயே பெரும்பாலும் மெஹந்தியோ, வரைந்து விடும் டாட்டூவோ இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே பெரிய அபாயம் அந்த மேசையில்தான். மருதாணி இலை தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை; ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று ஏறினால் அது மருதாணி இல்லை. தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தலைக்கு அடிக்கும் டையிலேயே முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், புருவத்துக்கும் இமைமுடிக்கும் போடக்கூடாது என்றும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அப்படிப்பட்டதைப் பிள்ளையின் தோலில் நேராகத் தீட்டுகிறார்கள். ஓரிரு நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள், போட்ட கோலத்தின் அச்சு மாறாமல் கொப்புளம் எழும்பும். ஆறிய பிறகும் தழும்பாகவோ வெளுத்த கோடாகவோ மாதக்கணக்கில் நிற்கலாம். அதைவிட முக்கியம், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. இன்றைக்கு எட்டு வயதில் கையில் கொப்புளம் வந்த பெண் நாற்பது வயதில் தலைக்கு டை அடித்தால் முகமே வீங்கிப்போகலாம்.

ஐந்து நிமிடச் சோதனை போதாது

முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்து "ஒண்ணும் ஆகல" என்று வரையத் தொடங்குகிறார்கள். உடனே எரியும் சாயத்தைத்தான் அந்தச் சோதனை காட்டும். ஒவ்வாமைத் தோலழற்சி தலைகாட்ட ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். கரப்பான், ஆஸ்துமா, உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் இரண்டு நாள் முன்பே அதே சாயத்தைப் பூசிப் பார்ப்பதுதான் சோதனை. விருந்தாளியாகப் போகும் வீட்டில் அது நடக்காது. அந்தப் பிள்ளைக்கு முகம் வேண்டாம். புறங்கையில் ஒரு சின்னப் பூ போதும். அரித்தால் கழுவ எளிது, கண்ணுக்கும் தூரம்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முகத்தில் வரைவதில்லை என்று வெளிநாடுகளில் தொழில்முறை ஆர்ட்டிஸ்டுகள் பலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த வயதில் அசையாமல் உட்காரத் தெரியாது, அரிக்கிறது என்று சொல்லவும் தெரியாது. நம் வீடுகளில் நடப்பதோ நேரெதிர்: ஒரு வயது பர்த்டே பேபியைத்தான் முதலில் தூக்கிக்கொடுக்கிறோம், போட்டோவுக்காக. அழுதுகொண்டு முகத்தைத் திருப்பும் குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொள்ள ஒரு சித்தி, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மாமா. வேண்டாம் என்று தலையசைக்கப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. தன் முகத்தை யார் தொடலாம் என்று மூன்று வயதில் சொல்ல விடாத நாம், பத்து வயதில் "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று பாடம் எடுக்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீர்ச் சாயம் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் பட்டால் போய்விடும். எண்ணெய்ச் சாயம் என்றால் முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்பு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டும் பக்கங்களிலும் கூத்து, புலிவேடம் நடக்கும் ஊர்களிலும் சாயத்தை எடுக்க மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் உபயோகித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பிள்ளையிடம் கொண்டு வரவே கூடாது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆவி மூச்சோடு போனாலும், வாய் வழியாக ஒரு மடக்கு தவறிப்போனாலும் நுரையீரல் புண்ணாகும். தூங்கிவிட்டாள், காலையில் கழுவிக்கொள்ளலாம் என்ற இரக்கமும் வேண்டாம். வியர்வையோடு தலையணையில் தேய்ந்து சாயம் கண்ணுக்குள் போவது அந்த இரவில்தான்.

கண்ணில் போய்விட்டால் தேய்க்க விடாமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். தாய்ப்பால், பன்னீர், வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். கழுவிய பிறகும் கூச்சமோ நீர்வடிதலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் யோசிக்காமல் 108. சாயத்தை நிறைய விழுங்கிவிட்டால் டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

மருத்துவப் புத்தகங்களில் ஒவ்வாமைத் தடிப்பு சிவப்பாக இருக்கும். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமல் போகும். தொட்டுப் பாருங்கள்: சொரசொரப்பு, சூடு, லேசான மினுமினுப்பு, அடுத்த நாள் கருமை. அழற்சி அடங்கிய பிறகும் அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். பிறகு தானே மங்கும். அதற்குள் "முகம் கறுத்துடுச்சே" என்று ஒரு பெரியம்மா வருவார், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமோடு. சாயம் செய்த கெடுதலைவிட அந்த டியூப் செய்யும் கெடுதல் பெரிது. மருத்துவர் எழுதாமல் எதுவும் வேண்டாம்.

யாரைக் கேட்பது, எங்கே கேட்பது

இனி சட்டத்தின் பக்கம். அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்கு விருந்தாளியாகப் போன உங்கள் பிள்ளைக்கு முகம் வீங்கிவிட்டது. பணம் கொடுத்து ஆர்ட்டிஸ்டை அழைத்தது நீங்கள் அல்ல. அப்படியானால் கேட்க உங்களுக்கு உரிமை இல்லையா? உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனை அனுபவித்தவரும் நுகர்வோர்தான். மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ புகார் கொடுக்கலாம். நட்பு கெட்டுவிடுமே என்று யோசிக்கிறீர்கள். புகார் அழைத்தவர் மேல் இல்லை. சேவை தந்தவர் மேலும் சாயம் தயாரித்தவர் மேலும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் பதியலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் பல வழக்குகள் அங்கேயே சமரசமாகிவிடும்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில். முகம் கழுவுவதற்கு முன் ஒரு படம், கழுவிய பின் ஒன்று, மறுநாள் ஒன்று. சாய டப்பாவின் படம், பேட்ச் எண் தெரியும்படி. ஆர்ட்டிஸ்டோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது. எல்லாவற்றையும்விட, மருத்துவரின் ஓ.பி. சீட்டில் "முகச் சாயம் பூசிய பிறகு வந்தது" என்ற வரி. பல பெற்றோர் தடிப்புக்கு மருந்து வாங்கி வருவார்களே தவிர இந்த வரியைக் கேட்டு வாங்க மாட்டார்கள். அது இல்லாமல் போனால் எதிர்த்தரப்பு "வேர்க்குரு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

சாயத்தின் மேலேயே சந்தேகம் என்றால் கதவு வேறு. மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அதிகம் பேர் அறியாத ஒன்று. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அழகுசாதனப் பொருளை, உரிய கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறும் உரிமையை அது தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும் கொடுக்கலாம். அனுமதியில்லாத நிறமி சேர்த்திருந்தாலும், சுகாதாரமில்லாத நிலையில் தயாரித்திருந்தாலும் அது கலப்படம். தயாரித்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. புகாரை உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடமோ, சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கோ எழுத்தில் கொடுங்கள். இணையத்தில் வாங்கிய கிட் என்றால், விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020 இணைய வணிக விதி. கண் பார்வை பாதிக்கிற அளவுக்குக் காயம் என்றால் காவல் நிலையம். அசட்டையால் காயம் விளைவிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவு இருக்கிறது. தடிப்புக்கெல்லாம் அங்கே ஓட வேண்டாம்.

இலவச ஸ்டால் சிக்கலான இடம். இலவசமாகத் தரும் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரையறைக்குள் வராது. மாலில் சும்மா வரைந்துவிடும் மேசைக்கு இந்தப் பாதுகாப்பு பலவீனம்தான். நுழைவுச் சீட்டு வாங்கிப் போன திருவிழாவிலும், இத்தனை ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் ஃபேஸ் பெயிண்டிங் இலவசம் என்ற விற்பனையிலும் அது இலவசம் இல்லை என்று வாதாட இடமுண்டு. டிக்கெட்டையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். பள்ளி நிகழ்ச்சி என்றால், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதே நீதிமன்றங்களில் நீண்ட தகராறு. அங்கே முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்துப் புகார், அசையாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர். சேப்பாக்கம் மைதான வாசலில் கன்னத்துக்கு மஞ்சள் தீட்டிக் காசு வாங்குகிறவரிடம் எந்த ரசீதும் வாங்க முடியாது. அங்கே வாயைக் கட்டுப்படுத்துவது போலக் கன்னத்தையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்ட்டிஸ்ட் தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இதில் பெரும்பாலானவர்கள் கல்லூரிப் பெண்கள், வீட்டிலிருந்தபடி சம்பாதிக்கும் தாய்மார்கள். இரண்டு மணி நேரத்தில் நாற்பது முகம் என்று பேசி அழைத்துவிட்டு, முகத்துக்கு மூன்று நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, ஸ்பான்ஜை மாற்றவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? நல்ல சாயமும் தனித்தனி ஸ்பான்ஜும் செலவு பிடிப்பவை. பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் அங்கிருந்துதான் கழியும். பிள்ளையின் ஒவ்வாமையை மறைத்த பெற்றோரிடம் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் ஒரு சின்னத் தாள் இரு தரப்பையும் காக்கும். இன்னொன்று, வரைந்த முகங்களைப் படமெடுத்துத் தங்கள் பக்கத்தில் போடுவது அவர்களுக்கு விளம்பரம். குழந்தையின் படத்துக்குப் பெற்றோரின் அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

விழா நடத்துபவர் ஆர்ட்டிஸ்டை புக் செய்யும்போதே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போட்டுவிடலாம்: "மேடம், இருபது பிள்ளைங்க வருவாங்க. சாய டப்பாவோட லேபிள் படம் முன்கூட்டியே அனுப்புங்க. ஒரு குழந்தைக்கு ஒரு ஸ்பான்ஜ். கைவினை கிளிட்டர், கறுப்பு மெஹந்தி வேண்டாம். மூணு வயசுக்குக் கீழ முகத்துல போட வேண்டாம். அதுக்கு ஆகிற நேரத்தையும் காசையும் சேர்த்தே சொல்லுங்க." தொழில் தெரிந்தவர் அரை மணிக்குள் லேபிள் படத்தை அனுப்பிவிடுவார், கூடவே "ஒவ்வாமை உள்ள பிள்ளைங்க யாராவது உண்டா" என்று திருப்பிக் கேட்பார். "எல்லாம் இம்போர்ட்டட்தான் சார், பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் முதல் ஆவணம் அதுதான்.